பழிவாங்க வந்தவளும் பாதிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட ஊரும்

சுவிட்சர்லாந்து நாடகாசிரியர் ஃப்ரீட்ரிஷ் டூரன்மாட் எழுதிய 'மூதாட்டியின் வருகை' நாடகத்தைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: உண்மையிலேயே அநியாயத்துக்கு ஆளான ஒரு பெண்ணை இவர் ஏன் இப்படிக் கோரமான கேலிச்சித்திரமாக்கினார், பாதிக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்பதையே இந்த நாடகம் பழிக்கிறது என்று உங்கள் நண்பர் சொல்வது சரியா, இத்தனை கொடுமைக்கு நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது தப்பா. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள் என்று உங்களுக்கே விளங்காமல் போனதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். இந்த நாடகத்தை மாணவர்களைக் கொண்டு இரண்டு முறை மேடையேற்றியிருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடிப்புப் பயிற்சி வகுப்புகளில் பாடமாகவும் நடத்தி வருகிறேன். என் ஜெர்மன் அறிவு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் அளவுக்குத்தான் என்பதால், வசனங்களின் பேச்சுச் சுவை பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தயக்கத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிகள் கட்டப்பட்டிருக்கும் விதம் பற்றித் துணிந்து பேசுவேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். நாடகம் முதன்முதலில் 1956 ஜனவரி 29 அன்று சூரிச் நகரின் ஷவ்ஷ்பீல்ஹவுஸ் அரங்கில் நடிக்கப்பட்டது. தெரேசே கீசே என்ற பெரிய நடிகை நாயகியாக நடித்தார். கியூலன் என்ற சிற்றூர் திவாலாகிக் கிடக்கிறது; அந்தப் பெயரே வயலுக்கு ஊற்றும் எருக்கரைசலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விரைவு ரயில்கள் நிற்காத அந்த ஊரில், அபாயச் சங்கிலியை இழுத்து ரயிலை நிறுத்தி இறங்குகிறாள் உலகின் பெரும்பணக்காரியான கிளாரே சக்கனாசியன். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். ஊருக்கு 50 கோடி, குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க 50 கோடி என்று 100 கோடி தருவதாக அறிவிக்கிறாள். அதற்கு ஒரே நிபந்தனை, அவளுடைய பழைய காதலனும் இப்போது ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவனுமான ஆல்ஃப்ரெட் இல் என்பவனை யாராவது கொன்றுவிட வேண்டும் என்பது. நகரத் தலைவர் எழுந்து, மனிதநேயத்தின் பெயரால் இதை நிராகரிக்கிறோம், கையில் ரத்தக் கறை படிவதைவிட ஏழைகளாகவே இருந்துவிடுகிறோம் என்கிறார். கிளாரே, தான் காத்திருப்பதாகச் சொல்கிறாள். முதல் அங்கம் முடிந்துவிடுகிறது.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு நடந்த கொடுமையை நாடகம் எந்த இடத்திலும் சந்தேகிக்கவில்லை. 1910ஆம் ஆண்டு, கருவுற்றிருந்த அவள் தன் குழந்தைக்குத் தந்தை ஆல்ஃப்ரெட் இல்தான் என்று வழக்குத் தொடுத்தபோது, அவன் ஒரு லிட்டர் சாராயத்தைக் கொடுத்து இரண்டு பேரைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தான். வழக்கு தள்ளுபடியானது. குழந்தை ஓராண்டு உயிரோடு இருந்து செத்துப்போனது. அவள் ஹாம்பர்க் நகரின் விபச்சார விடுதி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். இவை அனைத்தையும் அன்றைய நீதிபதியே மேடையில் ஒப்புக்கொள்கிறார். அவர் இப்போது அவளிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பணியாள். பொய்ச்சாட்சி சொன்ன இருவரும் அவளுடைய பரிவாரத்திலேயே, கண்கள் பிடுங்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, ஒரே வாக்கியத்தை இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இல்லும் மறுக்கவில்லை, அதெல்லாம் பழைய கதை, எப்போதோ காலாவதியாகிவிட்டது என்றுதான் கத்துகிறான்.

மூன்றாம் அங்கத்தில் அவள் போகிற போக்கில் சொல்லும் இன்னொரு செய்தி இருக்கிறது. மாலுமிச் சட்டையும் சிவப்புப் பின்னலுமாக, நிறைமாத வயிற்றோடு, குளிர்காலத்தில் அவள் ஊரைவிட்டுப் போனபோது, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பின்னாலிருந்து இளித்தார்கள். தீங்கு செய்தவன் ஒருவன். அதை வேடிக்கை பார்த்துச் சிரித்தது ஊர். அந்தச் சிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு நாடகத்தை மறுபடி படித்தால், உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு நிற்காது. காயத்தைக் கேலி செய்ய நினைக்கும் ஆசிரியர் இவ்வளவு துல்லியமாகச் சாட்சியங்களை அடுக்கமாட்டார்.

அப்படியானால் அவளை ஏன் இப்படிப் படைத்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒரு கால் செயற்கைக்கால், ஒரு கை தந்தத்தால் ஆனது. நாடகம் முடிவதற்குள் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் கணவர்கள் வந்துபோகிறார்கள். பெட்டி படுக்கைகளோடு ஒரு கருஞ்சிறுத்தையும் ஒரு காலிச் சவப்பெட்டியும் வந்திறங்குகின்றன. இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் முறை இயக்கியபோது நான் அவளைச் சூனியக்காரியாக ஆக்கினேன். கறுப்பு உடை, கீழிருந்து அடிக்கும் ஒளி, இழுத்து இழுத்துப் பேசும் குரல் என்று. பார்வையாளர்கள் அவளைப் பார்த்துப் பயந்தார்கள், ஊரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நாடகம் அன்றே செத்துவிட்டது. நூலின் பின்குறிப்பில் டூரன்மாட் எச்சரித்திருப்பதை நான் ஒழுங்காகப் படித்திருக்கவில்லை: கிளாரே நீதியின் உருவகம் அல்ல, போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா தந்த பண உதவியான மார்ஷல் திட்டத்தின் உருவகமும் அல்ல, உலகம் அழியும் நாளின் உருவகமும் அல்ல, அவள் வெறுமனே உலகின் பெரும்பணக்காரி, தன் பணத்தின் பலத்தால் பழைய கிரேக்கச் சோகநாடகத்தில் தன்னைக் கைவிட்டவனைப் பழிவாங்கும் மெடியா என்ற நாயகியைப் போல நடந்துகொள்ள முடிந்தவள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றும் அதே குறிப்பு சொல்கிறது. மனிதர்களை விலைக்கு வாங்கக்கூடிய சரக்காக, தள்ளி நின்று பார்ப்பவளின் நகைச்சுவை அது.

இரண்டாம் முறை அவளாக நடித்த மாணவியிடம், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் குரலில் பேசச் சொன்னேன். விளைவு வேறாக இருந்தது. அந்த ஊரில் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வந்த முதல் நாளே தன் விலையையும் நோக்கத்தையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டவள் அவள். ஊர்க்காரர்களுடைய விலை மட்டுமே கடைசிவரை வெளியே சொல்லப்படாமல் இருக்கிறது.

எள்ளலின் கூர்முனை குத்துவது அந்த ஊரைத்தான். இரண்டாம் அங்கத்தில் இல்லின் கடையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். மலிவுச் சரக்கு வாங்கியவர் இன்று விலை கூடிய சிகரெட் கேட்கிறார். பெண்கள் முழுப் பால், வெண்ணெய், வெள்ளை ரொட்டி, சாக்லேட் கேட்கிறார்கள். ஒருவர் கோன்யாக் என்ற விலை கூடிய மது கேட்கிறார். ஒவ்வொருவரும் சொல்வது ஒன்றுதான்: கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, நாங்கள் உங்கள் பக்கம்தான், அடுத்த நகரத் தலைவர் நீங்கள்தான், அது நிச்சயம் என்கிறார்கள். அந்த 'நிச்சயம்' என்பதற்கு ஜெர்மனில் அவர்கள் பயன்படுத்தும் சொல்லைப் பிரித்தால் 'சாவைப் போல் உறுதி' என்று பொருள் வரும். நல்லெண்ணத்தோடு அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அப்போது இல்லின் பார்வை அவர்கள் கால்களுக்குப் போகிறது. எல்லோரும் புதிய மஞ்சள் காலணி போட்டிருக்கிறார்கள். எதைக் கொண்டு இந்தக் கடனைத் தீர்க்கப் போகிறீர்கள் என்று அவன் கேட்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. கையில் கிடைத்த சாமான்களை எடுத்து அவர்கள்மீது வீசுகிறான். நான் பார்த்த அளவில், பார்வையாளர்கள் மிக உரக்கச் சிரிப்பதும் சட்டென்று நிறுத்துவதும் இந்தக் காட்சியில்தான். யாரும் அவனை மிரட்டவில்லை, ஒரு சுடுசொல்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கடனுக்கும் அவன் உயிர்தான் ஈடு.

கடன் ஏற ஏற ஊர் பேசும் அறத்தின் தொனியும் ஏறுகிறது. நாடகத்தின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து. பாதுகாப்புக் கேட்டு இல் காவலரிடம் போகிறான். அவர் வாயில் புதிய தங்கப்பல் மின்னுகிறது. நகரத் தலைவரிடம் போகிறான். அவர், நாங்கள் அந்த அம்மாளின் யோசனையை நிராகரித்தோம் என்பதற்காக, அதற்குக் காரணமான உங்கள் குற்றத்தை ஏற்றுக்கொண்டோம் என்று பொருளல்ல என்கிறார். தலைவர் பதவிக்கு ஒழுக்கம் சார்ந்த சில தகுதிகள் வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஊரில் ஒருவருக்கும் தோன்றாத அறச்சீற்றம், தவணைமுறையில் வாங்கிய பொருள்களோடு சேர்ந்து வீடுவீடாக வந்து இறங்குகிறது. மூன்றாம் அங்கத்தில், அந்த நல்ல பெண்மணி இவனால் எத்தனை பாடுபட்டாள் என்று கடையிலேயே பேசிக்கொள்கிறார்கள். இவன் ஏதாவது உளறினால் தலையிட வேண்டியிருக்கும், அது பணத்துக்காக அல்ல, மக்களின் கோபத்தால் என்கிறார்கள். அவள் பட்ட துன்பத்தை அவளிடமிருந்து கடன் வாங்கித் தங்கள் துன்பமாக அணிந்துகொள்கிறார்கள், மஞ்சள் காலணியைப் போலவே.

பாதிக்கப்பட்டவர் என்ற நிலையை டூரன்மாட் எள்ளும் இடம் இதுதான், உங்கள் நண்பர் நினைக்கும் இடம் அல்ல. ஒருவர் உண்மையாகக் காயப்பட்டார் என்பது வேறு. அந்தக் காயத்தைக் காட்டி, காயப்படாதவர்கள் தங்களுக்குச் சாதகமான ஒரு காரியத்தைக் கூசாமல் செய்துகொள்வது வேறு. கடைசி ஊர்க்கூட்டத்தில் ஊர்ப் பள்ளி ஆசிரியர் எழுந்து, இங்கே பேச்சு பணத்தைப் பற்றியதல்ல, நீதியைப் பற்றியது என்று உரையாற்றுகிறார்; கைத்தட்டல் கூரையைப் பிளக்கிறது. இதே பள்ளி ஆசிரியர் சற்று முன்பு குடிபோதையில் இல்லிடம், நான் மெல்ல மெல்லக் கொலைகாரனாகிக்கொண்டிருப்பதை உணர்கிறேன், மனிதநேயத்தில் எனக்கிருந்த நம்பிக்கை என்னைத் தடுக்கவில்லை, எங்களைத் தேடியும் ஒருநாள் ஒரு மூதாட்டி வருவாள் என்று சொன்னவர். நாடகத்தின் மிகக் கசப்பான பாத்திரம் என்று எனக்குத் தோன்றுவது இவர்தான். தெரியாமல் தவறு செய்பவனைவிடத் தெரிந்து உரையாற்றுபவன் மோசம்.

அந்தக் கூட்டத்தைச் செய்திப்படக்காரர்கள் படம்பிடிக்கிறார்கள். நகரத் தலைவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஊர் திருப்பிச் சொல்கிறது: பணத்துக்காக அல்ல, நீதிக்காக, மனச்சாட்சியின் வேதனையால், நம் நடுவே ஒரு குற்றத்தைச் சகித்துக்கொண்டு நம்மால் வாழ முடியாது, அது நம் ஆன்மாவுக்குக் கேடு. கவனியுங்கள், இந்த வரிகளில் இப்போது பாதிக்கப்பட்டவர்கள் ஊர்க்காரர்கள். கிளாரேவின் செத்துப்போன குழந்தைக்கு அங்கே இடமில்லை. தூக்கிய கைகளோடு எல்லோரும் உறைந்து நிற்கும்போது இல் 'கடவுளே' என்று அலறுகிறான். உடனே படக்காரர், விளக்கு அணைந்துவிட்டது, இன்னொரு முறை செய்ய வேண்டும் என்கிறார். மறுபடியும் அதே வரிகள், அதே கைகள். அந்த அலறல் வரவேண்டிய இடம் வருகிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். இல் வாய் திறக்கவில்லை. அந்த ஆனந்தக் கூச்சல் இந்த முறை வரவில்லையே, அது நன்றாக இருந்தது என்று படக்காரர் வருத்தப்படுகிறார். ஒத்திகையில் இந்த மௌனத்துக்கு எத்தனை நொடி விடுவது என்று பல நாள் சண்டை போட்டிருக்கிறோம். மூன்று நொடி விட்டால் சிரிப்பு வரும். ஐந்து நொடியில் அந்தச் சிரிப்பே அவர்கள் தொண்டையில் சிக்கும். எட்டு நொடி விட்டால் நடிகர் வசனத்தை மறந்துவிட்டார் என்று எண்ணிவிடுவார்கள்.

ஆல்ஃப்ரெட் இல் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவன் அற்பன். முதல் அங்கத்தில் அவளிடம் பணம் கறப்பதற்குப் பழைய காதலைச் சுரண்டுகிறான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஊரைவிட்டு ஓட ரயில் நிலையத்துக்குப் போகிறான், வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள், ஏறுங்கள் ஏறுங்கள் என்கிறார்கள், ஒருவரும் அவனைத் தொடவில்லை, ஆனால் அவனால் ஏற முடியவில்லை, ரயில் போய்விடுகிறது. மூன்றாம் அங்கத்தில் நகரத் தலைவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்து, நீங்களே முடித்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது என்று குறிப்பாகச் சொல்லும்போது, இல் மறுத்துவிடுகிறான். என் பயத்தை நான் தனியாக வென்றுவிட்டேன்; நீங்கள் என்ன தீர்ப்பளித்தாலும் ஏற்கிறேன், ஆனால் தீர்ப்பு உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்கிறான். குற்றவாளியாக இருந்து பலியாளாக மாறிய இவன், பலியாளுக்குரிய சலுகையைக் கேட்காத ஒரே ஆள் ஆகிவிடுகிறான். தமிழ் வாசகர்களுக்கு இங்கே கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. என் வகுப்பில் தவறாமல் யாராவது கேட்பார்கள். ஒப்புமை ஓரளவுதான் பொருந்தும். கண்ணகி தன் நியாயத்தைத் தானே நிறுவுகிறாள், யாரையும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி விழும் பாண்டியனுக்கு இருந்த நாணம் இந்த நாடகத்தில் யாரிடமாவது இருக்கிறது என்றால், அது இந்த மளிகைக் கடைக்காரனிடம்தான்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. கிளாரே அவனை இன்னும் காதலிக்கிறாளா? காப்ரி தீவில் மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி அவனுக்குக் கல்லறை மண்டபம் கட்டி வைத்திருக்கிறாள், இறந்தவனின் முகத்தை நெடுநேரம் பார்க்கிறாள். இளமையில் அவனை 'என் கருஞ்சிறுத்தை' என்று அழைத்தவள், உண்மையான சிறுத்தையைக் கூண்டில் கொண்டு வந்து, அது தப்பியோடி அவன் கடை வாசலிலேயே சுட்டுக்கொல்லப்படுகிறது. இதைக் காதல் என்று படிக்கவும் இடமுண்டு, உடைமைவெறி என்று படிக்கவும் இடமுண்டு. என் சாய்வு இரண்டாவதை நோக்கியது, ஆனால் முதலாவதை மறுக்கும் வரி எதையும் நூலில் காட்ட முடியாது. அவனைக் கொன்றது யார் என்பதும் அப்படியே. ஆண்கள் இரு வரிசையாக நின்று வழிவிடுகிறார்கள், அவன் நடக்கிறான், கூட்டம் அவன்மேல் கவிகிறது, விலகும்போது பிணம் கிடக்கிறது; மருத்துவர் மாரடைப்பு என்கிறார், நகரத் தலைவர் ஆனந்தத்தால் வந்த சாவு என்கிறார். கை யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காகவே காட்சி இருட்டாக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மானியர்கள் 1945க்குப் பிறகு தங்கள் குற்றத்தை மறந்து செழிப்படைந்ததைப் பற்றிய நாடகம் என்றும், சுவிஸ் வங்கிச் செழிப்பைப் பற்றியது என்றும் வகுப்புகளில் இருவகையாக வாதிடுவார்கள். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம், ஆனால் ஆசிரியரின் பின்குறிப்பு வேறு திசையில் போகிறது. கியூலன்காரர்கள் நம் எல்லோரையும் போன்ற மனிதர்கள், அவர்களைத் தீயவர்களாக நடிக்கக் கூடாது, இதை எழுதியவன் அவர்களிடமிருந்து தன்னை விலக்கிக்கொள்ளவில்லை, அந்த இடத்தில் தான் வேறுமாதிரி நடந்துகொள்வேன் என்ற நிச்சயமும் அவனுக்கு இல்லை என்கிறார் அதில்.

உங்கள் சிரிப்பைப் பற்றி: தப்பில்லை, அது வரவேண்டும் என்றே எழுதப்பட்டிருக்கிறது. டூரன்மாட் இதற்குத் 'துன்பியல் இன்பியல்' என்றே பெயரிட்டார். நாடகக் கலையின் சிக்கல்கள் பற்றி 1950களின் நடுவில் அவர் எழுதிய கட்டுரையில், துன்பியல் நாடகத்துக்குக் குற்றமும் பொறுப்பும் உள்ள தனிமனிதர்கள் வேண்டும், எல்லோரும் சேர்ந்து குற்றவாளிகளாகி ஒருவரும் பொறுப்பேற்காத நம் காலத்துக்கு இன்பியல்தான் பொருந்தும் என்று வாதிட்டார். பழைய காதலர்கள் இருவரும் சந்திக்கும் காட்டுக் காட்சியில் ஊர்க்காரர்களே மரங்களாக நின்று, ஒருவர் துருப்பிடித்த சாவியால் புகைக்குழாயைத் தட்டி மரங்கொத்தியின் ஓசை எழுப்புவதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே மரங்கள்தான் பிறகு கை தூக்கப்போகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்த நாடகத்துக்கு மிகப் பெரிய கேடு, இறுகிய முகத்தோடு நடிப்பதுதான் என்றும் அவர் எழுதியிருக்கிறார்; நான் முதல் முறை செய்ததும் அதுதான்.

படித்ததோடு நிறுத்தாமல் பார்க்கவும் விரும்புவீர்கள் என்றால் ஒரு யோசனை. பெர்ன்ஹார்ட் விக்கி இயக்கி, இங்கிரிட் பெர்க்மனும் ஆன்டனி குவினும் நடித்த 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் முடிவை மாற்றிவிட்டார்கள்: ஊர் தண்டனை விதித்த பிறகு நாயகியே அதைத் தடுத்து, தன்னைக் கொல்லத் துணிந்தவர்கள் நடுவிலேயே அவன் வாழட்டும் என்று விட்டுப்போகிறாள். பழிவாங்கலாக அது கெட்டிக்காரத்தனமானது; ஆனால் அவள் கருணையால் ஊரின் கை சுத்தமாகவே இருந்துவிடுகிறது. செனகல் இயக்குநர் ஜிப்ரில் டியோப் மாம்பெட்டி 1992இல் 'கழுதைப்புலிகள்' என்ற பெயரில் இதைத் தன் நாட்டு ஊரொன்றுக்குக் கொண்டுபோனார். அங்கே மஞ்சள் காலணிகளின் வேலையில் மின்விசிறிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. கடைசியில் கூட்டம் அவனை நெருங்கிச் சூழ்ந்து, பிறகு மெல்ல விலகுகிறது. பிணம்கூட இல்லை; மண்ணில் அவனுடைய மேற்சட்டை மட்டும் கிடக்கிறது.